கிம்ப் 3 ஃபில்டர் சிக்கல்கள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

படங்களைத் திருத்த உதவும் கிம்ப் மென்பொருளின் 3.0 பதிப்பு 2025 மார்ச் 16 அன்று வெளிவந்தது. 2018 ஏப்ரலில் வந்த 2.10 பதிப்பில் கை பழகியவர்கள் அதற்கு மாறியபோது, ஃபில்டர்கள் (படத்தின் தோற்றத்தை மாற்றும் விளைவுகள்) வேலை செய்யும் முறையே மாறியிருப்பதைக் கண்டார்கள். பாளையங்கோட்டையில் கல்யாண ஆல்பம் தயாரிக்கும் ஸ்டுடியோக்காரர்களும், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் அழைப்பிதழும் ஃபிளக்ஸும் அடித்துத் தருபவர்களும், கூந்தன்குளத்துக்குக் கேமராவோடு போகும் பறவை ஆர்வலர்களும் கேட்கும் கேள்விகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை பழைய பழக்கம் புதிய முறையோடு மோதும் இடத்தில் பிறப்பவை என்பது தெளிவாகத் தெரிகிறது. எனவே மெனு வரிசைப்படி விளக்காமல், திரையில் என்ன தவறாகத் தெரிகிறதோ அதிலிருந்து தொடங்கி, காரணத்துக்கும் தீர்வுக்கும் போகும் விதத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் மாற்றத்தின் சாரம். 2.10-இல் ஒரு ஃபில்டரைத் தேர்ந்தெடுத்து ஓகே அழுத்தியவுடன் படத்தின் பிக்சல்களே மாறிவிடும். அதைத் திரும்பப் பெற அண்டூ ஒன்றே வழி. கோப்பை மூடிவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும். 3.0-இல் ஃபில்டர், லேயரின் (பட அடுக்கின்) மேல் தனியாக நிற்கிறது. போட்டோவின் மேல் நிறக் கண்ணாடியை வைத்துப் பார்ப்பதைப் போல, கண்ணாடியை எடுக்கலாம், மாற்றலாம், வரிசை மாற்றி அடுக்கலாம். அடியில் இருக்கும் போட்டோவுக்கு ஒன்றும் ஆகாது. இப்படி ஃபில்டர் தாங்கிய ஒவ்வொரு லேயருக்கும் லேயர் பட்டியலில் எஃப்எக்ஸ் என்ற சிறு குறி தோன்றும். அதை அழுத்தினால் அந்த லேயரில் உள்ள ஃபில்டர்கள் அனைத்தும் ஒரு பட்டியலாக விரியும். ஒவ்வொன்றுக்கும் கண் குறி உண்டு. திருத்தவும், மேலே கீழே நகர்த்தவும், லேயரோடு கலக்கவும், நீக்கவும் பொத்தான்கள் உண்டு. எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் இந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

மறுபடி திருத்தினால் படம் அளவுக்கு மீறிக் கறுக்கிறது, அல்லது ஓரங்களில் வெள்ளைக் கோடு விழுகிறது

அதிகம் பேரைத் தடுமாற வைப்பது இதுதான். ஒரு கோபுரப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லையப்பர் கோவில் வாசலில் உச்சி வெயிலில் எடுத்தது, வானம் வெளுத்துவிட்டது. கர்வ்ஸ் (வெளிச்சத்தையும் நிழலையும் ஒரு வளைவால் கூட்டிக் குறைக்கும் ஃபில்டர்) கொடுத்து வானத்தை இறக்குகிறீர்கள். மறுநாள் பார்க்கும்போது கொஞ்சம் கூடிவிட்டதாகத் தோன்றுகிறது. பழைய பழக்கத்தில் கலர்ஸ் மெனுவுக்குப் போய் மீண்டும் கர்வ்ஸைத் திறக்கிறீர்கள். அங்கே முன்பு வைத்த வளைவு இருக்காது; நேர்கோடுதான் இருக்கும். ஏனென்றால் நீங்கள் திறந்தது பழைய கர்வ்ஸை அல்ல, அதன் மேல் இரண்டாவதாக அமரப்போகும் புதிய கர்வ்ஸை. இப்படி நாலு தடவை திருத்தினால் நாலு கர்வ்ஸ் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும்; கோபுரத்தின் சுதைச் சிற்பங்களில் நிழல்கள் அடைத்துக்கொள்ளும்.

கண்ட்ரோலும் எஃப்பும் சேர்ந்த குறுக்கு விசைக்கும் இதுவே பொருந்தும். அது கடைசியாகக் கொடுத்த ஃபில்டரை இன்னொரு முறை சேர்க்கும். ஷார்பன் கொடுத்த படத்தில் தெரியாமல் அந்த விசையைத் தட்டினால், ஓரங்களில் வெள்ளை விளிம்பு எழும்பிவிடும்.

சரிசெய்ய எஃப்எக்ஸ் பட்டியலைத் திறந்து, ஒரே பெயர் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொன்றின் கண் குறியையும் அணைத்து எரியவிட்டால், எது தேவையானது, எது தவறி ஏறியது என்பது தெரிந்துவிடும். வேண்டாதவற்றை நீக்கிவிட்டு, வேண்டியதைத் தேர்ந்தெடுத்துத் திருத்தும் பொத்தானை அழுத்துங்கள். முன்பு வைத்த வளைவு அப்படியே திறக்கும். புதிதாகச் சேர்க்க மெனு, இருப்பதைத் திருத்த எஃப்எக்ஸ் பட்டியல் என்ற பழக்கம் கைக்கு வந்துவிட்டால் இந்தச் சிக்கல் திரும்ப வராது.

வரிசையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பட்டியலில் கீழே இருப்பது முதலில் வேலை செய்யும். புதிதாகச் சேர்ப்பது மேலே போய் உட்காரும். கூந்தன்குளத்தில் விடியற்காலை மங்கல் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) உயர்த்தி எடுத்த செங்கால் நாரைப் படத்தில், முதலில் ஷார்பன் கொடுத்துவிட்டுப் பிறகு இரைச்சல் (மங்கல் வெளிச்சப் படத்தில் தெறிக்கும் புள்ளிகள்) நீக்கும் ஃபில்டரைக் கொடுத்தால், ஷார்பன் அந்தப் புள்ளிகளையும் சேர்த்துக் கூராக்கிவிடும். அதன்பின் இரைச்சலை நீக்கும்போது இறகின் வரிகளும் சேர்ந்து கரையும். 2.10-இல் இதற்கு எல்லாவற்றையும் அண்டூ செய்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். இப்போது ஷார்பனைத் தேர்ந்தெடுத்து ஒரு படி மேலே ஏற்றினால் போதும். என்னைப் பொறுத்தவரை புதிய முறையின் மிகப் பெரிய பயன் இந்த வரிசை மாற்றம்தான். ஆனால் பலர் அந்த அம்புக்குறிப் பொத்தான்களைத் தொட்டதே இல்லை.

எஃப்எக்ஸ் குறியே வரவில்லை. கொடுத்த ஃபில்டரைத் திரும்ப எடுக்கவும் முடியவில்லை

ஃபில்டரின் உரையாடல் பெட்டியில் அடிப்பக்கம் மெர்ஜ் ஃபில்டர் என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால் ஃபில்டர் பழைய முறைப்படி பிக்சல்களோடு கலந்துவிடும். ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டே ஓகே கொடுங்கள்.

அங்கே டிக் இல்லையென்றால், லேயரின் மாஸ்க் (லேயரில் எது தெரியும், எது மறையும் என்பதைத் தீர்மானிக்கும் துணைப்படம்) தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். லேயர் பட்டியலில் ஒரே வரியில் இரண்டு சிறு படங்கள் இருக்கும். எதைச் சுற்றி எல்லைக்கோடு தெரிகிறதோ அதன் மீதே ஃபில்டர் விழும். மணப்பெண்ணின் முகத்தை மிருதுவாக்க நினைத்துக் கொடுத்த பிளர் முகத்தில் எதையும் செய்யாமல், மாஸ்க்கின் விளிம்பை மட்டும் கரைத்துவிட்டுப் போவது இதனால்தான். 3.0-இல் மாஸ்க்குகளிலும் சேனல்களிலும் ஃபில்டர்கள் தனியாக நிற்பதில்லை, நேராகக் கலந்துவிடுகின்றன. அண்டூ செய்துவிட்டு, லேயரின் சிறு படத்தை ஒருமுறை அழுத்தி, அதன்பின் ஃபில்டரைக் கொடுங்கள்.

மூன்றாவது காரணம் ஃபில்டரின் பிறப்பிலேயே இருக்கிறது. ஃபில்டர்ஸ் மெனுவில் இருப்பவை எல்லாம் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. கெகல் என்ற பட இயந்திரத்தின் மேல் எழுதப்பட்டவை மட்டுமே தனியாக நிற்கும். ஸ்கிரிப்டாகவோ செருகு நிரலாகவோ (ப்ளகின்) எழுதப்பட்டவை ஓகே கொடுத்ததும் கலந்துவிடும். இவற்றைக் கொடுப்பதற்கு முன் லேயரை நகல் எடுத்துக்கொண்டு, நகலின் மேல் கொடுப்பதே பாதுகாப்பு.

படத்தின் ஒரு பகுதியில் மட்டும் ஃபில்டர் தெரிகிறது

ஃபில்டரைக் கொடுத்த நேரத்தில் படத்தின் ஒரு பகுதி மட்டும் தேர்வாகி (செலக்‌ஷன்) இருந்திருக்கிறது. எறும்பு ஊர்வது போன்ற கோடு திரைக்கு வெளியே எங்கோ இருந்தாலும், நீங்கள் அதை மறந்திருந்தாலும், ஃபில்டர் அந்த எல்லையைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். அதன்பின் தேர்வை நீக்கினாலும் ஃபில்டர் விரியாது. இதைத்தான் பலர் கோளாறு என்று நினைக்கிறார்கள். ஃபில்டரை எஃப்எக்ஸ் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, செலக்ட் மெனுவில் நன் (None) கொடுத்து, மீண்டும் சேர்க்க வேண்டும். அமைப்புகளை இழக்காமல் இருக்க, நீக்குவதற்கு முன் அந்த ஃபில்டரைத் திறந்து அதன் உரையாடல் பெட்டியில் உள்ள பிரீசெட் வசதியில் ஒரு பெயர் கொடுத்துச் சேமித்துக்கொள்ளுங்கள். புதிதாகத் திறக்கும்போது அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் எல்லா எண்களும் வந்துவிடும்.

இதே குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்தவும் செய்யலாம். குற்றாலத்து அருவிப் படத்தில் தண்ணீர் வெளுத்துப் பாறை கறுத்திருந்தால், பாறையை மட்டும் தேர்ந்து ஒரு கர்வ்ஸ், தண்ணீரை மட்டும் தேர்ந்து இன்னொரு கர்வ்ஸ் என்று ஒரே லேயரில் வைக்கலாம். தேர்வின் ஓரத்தை ஃபெதர் செய்து (மென்மையாக்கி) கொடுத்தால் இரண்டும் சந்திக்கும் இடம் வெட்டுப்பட்டதுபோல் தெரியாது.

பிரஷ்ஷில் எடுத்த நிறம் ஒன்று, படத்தில் விழும் நிறம் வேறொன்று

ஃபில்டர் மேலே நிற்கிறது. நீங்கள் தீட்டுவது அதற்கு அடியில் விழுகிறது. அதனால் தீட்டிய நிறமும் அந்த ஃபில்டர் வழியாகவே கண்ணுக்கு வருகிறது. கர்வ்ஸ் படத்தை இறக்கியிருந்தால் நீங்கள் தீட்டும் சிவப்பும் இறங்கும். பிளர் இருந்தால் பிரஷ்ஷின் ஓரம் எவ்வளவு கூராக வைத்தாலும் மங்கும்.

ஹீலிங், குளோன் கருவிகளில் இது இன்னும் குழப்பும். முகத்திலுள்ள தழும்பை நீக்கும்போது கீழே நடப்பது ஒன்று, மேலே தெரிவது ஒன்றாக இருக்கும். தழும்பு நீக்குதல், மின்கம்பியை அழித்தல் போன்ற வேலைகளை ஃபில்டர்களின் கண் குறிகளை அணைத்துவிட்டுச் செய்யுங்கள், முடிந்ததும் எரியவிடுங்கள். புதிதாக நிறம் சேர்க்க வேண்டுமென்றால் மேலே ஒரு வெற்று லேயரைத் திறந்து அதில் தீட்டுங்கள்.

அழைப்பிதழில் எழுத்தைத் திருத்தினால் நிழல் போய்விடுகிறது

2.10-இல் எழுத்து லேயருக்கு நிழலோ வேறு ஃபில்டரோ கொடுத்தால், அதன்பின் எழுத்தைத் திருத்துவது பெரும்பாடு. மேலப்பாளையத்திலிருந்தோ அம்பாசமுத்திரத்திலிருந்தோ வாடிக்கையாளர் வந்து, "அண்ணாச்சி, மாப்பிள்ளையோட இனிஷியலை மட்டும் மாத்தித் தாங்க" என்று கேட்கும்போது, மொத்த எழுத்தையும் புதிதாக அடித்து, நிழலையும் புதிதாகக் கொடுக்க வேண்டியிருந்தது. 3.0-இல் இந்தத் தொல்லை நீங்கிவிட்டது. டிராப் ஷேடோவை எழுத்து லேயரின் மேல் கொடுத்தால் அது தனியாக நிற்கும். எழுத்துக் கருவியால் பெயரைத் திருத்தினால் நிழலும் கூடவே புதிய எழுத்தின் வடிவத்துக்கு மாறும். எழுத்தைச் சுற்றி நிறக்கோடு போடுவதற்கும் எழுத்துக் கருவியின் அமைப்புகளிலேயே அவுட்லைன் வசதி வந்துவிட்டது.

ஆகவே 3.0-இலும் நிழல் போகிறதென்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. ஒன்று, மெர்ஜ் ஃபில்டர் கட்டத்தில் டிக் இருந்தபோது நிழலைக் கொடுத்திருக்கிறீர்கள். அல்லது எஃப்எக்ஸ் பட்டியலில் மெர்ஜ் பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள். இரண்டிலும் எழுத்து பிக்சலோடு கலந்துவிட்டது. இனி அந்த லேயரில் எழுத்தைத் திருத்தினால் கலந்த வேலை அழியும். அச்சுக்குப் போகும் கடைசி நகலைத் தவிர வேறெங்கும் எழுத்து லேயரை மெர்ஜ் செய்ய வேண்டாம் என்பதை வேலை செய்யும் எல்லோருக்கும் ஒரு விதியாகவே சொல்லி வையுங்கள்.

எழுத்தே ஆங்கில எழுத்துகளாகச் சிதறித் தெரிந்தால் அதற்கும் ஃபில்டருக்கும் தொடர்பில்லை. வாடிக்கையாளர் கொடுத்த வாசகம் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டிருக்கும். அதை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். வேறு கணினியில் திறந்து திருத்தும்போது எழுத்தின் வடிவம் மாறினால், அந்தக் கணினியில் எழுத்துரு நிறுவப்படவில்லை.

ஒவ்வொரு அசைவுக்கும் கணினி திணறுகிறது

ஃபில்டர் கலக்காமல் நிற்பதற்கு ஒரு விலை உண்டு. அடியில் உள்ள பிக்சல் மாறும்போதெல்லாம் ஃபில்டர் அந்த இடத்தை மீண்டும் கணக்கிட வேண்டும். பெரிய ஆரம் கொண்ட பிளர் இருக்கும் லேயரில் பிரஷ்ஷை இழுத்தால், ஒவ்வொரு இழுப்புக்கும் சுற்றுவட்டாரம் முழுவதும் கணக்கிடப்படும்.

கணக்கை எண்ணிலேயே பார்ப்போம். 6000க்கு 4000 பிக்சல் கொண்ட கேமராப் படத்தில் 2 கோடியே 40 லட்சம் பிக்சல்கள் உள்ளன. 8 பிட் துல்லியத்தில் ஒரு பிக்சலுக்கு, ஒளிபுகு மதிப்பையும் சேர்த்து, 4 பைட். லேயர் ஒன்றுக்குச் சுமார் 96 எம்பி. 16 பிட்டில் அது 192 எம்பி. 32 பிட்டில் 384 எம்பி. ஆல்பத்தின் ஒரு பக்கத்துக்கு ஆறு படங்களைத் தனித்தனி லேயராக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் மூன்று ஃபில்டர்களை நிறுத்தினால், 4 ஜிபி மெமரி உள்ள கணினி மூச்சு வாங்காமல் என்ன செய்யும்?

முதலில் செய்ய வேண்டியது, வேலை நடக்கும் லேயரில் பிளர், இரைச்சல் நீக்கம் போன்ற கனமான ஃபில்டர்களின் கண் குறியை அணைப்பது. இலேசான கர்வ்ஸ், லெவல்ஸ் போன்றவை அப்படியே இருக்கலாம். இரண்டாவது, இனி மாறாது என்று உறுதியான லேயர்களில் மெர்ஜ் செய்துவிடுவது. அதற்கு முன் கோப்பை வேறு பெயரில் ஒருமுறை சேமித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, பிரிஃபரென்சஸில் சிஸ்டம் ரிசோர்சஸ் பகுதிக்குப் போய் டைல் கேஷ் (கிம்ப் பயன்படுத்தும் மெமரியின் வரம்பு) அளவைப் பாருங்கள். அந்த அளவைத் தாண்டிய வேலை முழுவதும் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும். அதன்பின் வேகத்தை எதிர்பார்க்க முடியாது. மற்ற நிரல்களுக்கும் இடம் விட்டு, மெமரியில் தாராளமான பங்கை அதற்கு ஒதுக்குங்கள்.

ஆறு லேயருக்கும் ஒரே நிறத் திருத்தம்தான் என்றால், ஆறு தடவை கொடுப்பதை விட்டுவிட்டு, அவற்றை ஒரு லேயர் குரூப்பில் போட்டுக் குரூப்பின் மேல் ஒரே ஒரு கர்வ்ஸ் கொடுங்கள். அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (கீழே உள்ள லேயர்கள் அனைத்தையும் சேர்த்துத் திருத்தும் லேயர்) எங்கே என்று தேடுகிறவர்களுக்கும் இதுவே வழி. குரூப்பின் மேல் கொடுத்த ஃபில்டர் தெரியவில்லையென்றால், குரூப்பின் முறை பாஸ் த்ரூ என்று இருக்கிறதா என்று பார்த்து நார்மலுக்கு மாற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கிம்ப் தானாக அவ்வப்போது சேமிப்பதில்லை. ஆடிக் காற்றில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊரில், கனமான கோப்பில் வேலை செய்யும்போது ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கண்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்துவதைத் தவறவிடாதீர்கள்.

ஃபில்டர்கள் மெனுவில் மங்கிக் கிடக்கின்றன, அல்லது ஒரே ஒரு லேயரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது

3.0-இல் பல லேயர்களை ஒரே நேரத்தில் தேர்ந்தெடுக்க முடியும். நகர்த்தவும், குரூப்பில் போடவும் அது வசதி. ஆனால் ஃபில்டர் ஒரு நேரத்தில் ஒரு லேயரின் மீதே விழும். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். அது சரியாக இருந்தும் மங்கலாக இருந்தால், இமேஜ் மெனுவில் மோட் இன்டெக்ஸ்டு (குறிப்பிட்ட சில நிறங்களை மட்டும் கொண்ட முறை) என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஜிஃப் கோப்புகளும் சில பிஎன்ஜி லோகோக்களும் அப்படி வரும். ஆர்ஜிபிக்கு மாற்றியதும் மெனு உயிர் பெறும்.

படத்தைச் சிறிதாக்கியபின் பிளரும் நிழலும் அளவுக்கு மீறித் தெரிகின்றன

பிளரின் ஆரம், நிழலின் தூரம் ஆகியவை பிக்சல் கணக்கில் எழுதி வைக்கப்பட்டவை. 6000 பிக்சல் அகலப் படத்தில் 20 பிக்சல் நிழல் மெல்லிய கோடு. அதையே வாட்ஸ்அப்பில் அனுப்ப 1200 பிக்சலுக்குச் சுருக்கினால், ஃபில்டர் அப்போதும் 20 பிக்சல் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். நிழல் ஐந்து மடங்கு கனத்துத் தெரியும். ஃபிளக்ஸுக்காகப் பெரிதாக்கும்போது நேர்மாறாக நடக்கும்.

சரியான முறை இது: இமேஜ் மெனுவில் டூப்ளிகேட் கொடுத்து முழுப் படத்தையும் நகல் எடுங்கள், நகலில் ஃப்ளாட்டன் இமேஜ் கொடுங்கள், ஃபில்டர்கள் எல்லாம் கலந்து ஒரே லேயராகும், அதன்பின் அளவை மாற்றி ஏற்றுமதி செய்யுங்கள். மூலக் கோப்பைச் சுருக்கவே கூடாது.

திரையில் ஒன்று தெரிகிறது, ஏற்றுமதி செய்த படத்தில் வேறொன்று தெரிகிறது

பத்தமடைப் பாயைப் படம் எடுத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகப் புரியும். மிக நுண்ணிய கோரையால் நெய்த அந்தப் பாயை 33 சதவீதத்தில் பார்த்தால், நெசவில் இல்லாத அலைகள் திரையில் எழும்பும். அதை நீக்க நினைத்துப் பிளர் கொடுத்தால் ஏற்றுமதியான படத்தில் நெசவே மங்கியிருக்கும். கூராக்க நினைத்து ஷார்பன் கொடுத்தால் கோரை ஒவ்வொன்றும் கம்பிபோல் நிற்கும். சிறிதாக்கிக் காட்டும்போது திரையே உண்டாக்கும் அலை அது; கோப்பில் இல்லை. ஷார்பன், இரைச்சல் நீக்கம், பிளர் ஆகிய மூன்றையும் 100 சதவீதத்தில் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். 1 என்ற விசையை அழுத்தினால் அந்த அளவுக்கு வந்துவிடும். 100 சதவீதத்திலும் அலை தெரிந்தால் அது கேமராவின் சென்சாரில் பதிந்தது. ஃபில்டரால் முழுதும் போகாது. கோணத்தைச் சற்று மாற்றி மறுபடி எடுப்பதே நல்லது.

வானத்தில் படிப்படியாகக் கோடு விழுவது இன்னொரு வகை. மணிமுத்தாறு அணைக்கு மேல் மாலை வானம் நீலத்திலிருந்து ஆரஞ்சுக்கு மெல்ல மாறும் படத்தில், 8 பிட் துல்லியத்தில் நிறத்துக்கு 256 படிகளே உண்டு; இரண்டு மூன்று ஃபில்டர்கள் அந்தப் படிகளை இழுத்தால் இடைவெளி கண்ணுக்குத் தெரியும். வேலையைத் தொடங்கும்போதே இமேஜ் மெனுவில் படத்தின் துல்லியத்தை 16 பிட்டுக்கு உயர்த்திக்கொள்ளுங்கள். கேமராவில் ரா கோப்பாக (சென்சார் பதிந்த தரவு அப்படியே) எடுத்திருந்தால்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும். ஜேபெக்காக எடுத்த படம் 8 பிட்டில்தான் பிறக்கிறது.

அச்சகத்துக்குப் போகும் வேலையில் நிறமே மாறி வந்தால், ஃபில்டரைக் குறை சொல்வதற்கு முன், அச்சகம் தரும் சிஎம்ஒய்கே (அச்சு மை நிறங்கள்) புரொஃபைலை வாங்கி, அச்சில் எப்படி வரும் என்று திரையில் காட்டும் சாஃப்ட் புரூஃப் முறையில் பார்த்துவிடுங்கள்.

கோப்பை அனுப்பினேன், அவர்கள் கணினியில் திறக்கவில்லை

ஃபில்டர்கள் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்புக்குள்ளேயே சேமிக்கப்படுகின்றன. அதனால்தான் மறுநாள் திறந்தாலும் அப்படியே இருக்கின்றன. ஆனால் 2.10 பதிப்புக்கு அந்தப் புதிய பகுதிகளைப் படிக்கத் தெரியாது. கோப்பின் பதிப்பு ஆதரிக்கப்படவில்லை என்று சொல்லி நிறுத்திவிடும். சேமிக்கும் பெட்டியிலேயே இந்தக் கோப்பைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது என்று ஒரு குறிப்பு வரும். பலர் அதைப் படிப்பதில்லை. எதிர்ப்பக்கம் 2.10 இருந்தால், நகலில் எல்லா ஃபில்டர்களையும் மெர்ஜ் செய்து சேமித்து அனுப்புங்கள். சிவகாசிக்கு அச்சுக்கு அனுப்பும் பிஎஸ்டி, டிஃப் கோப்புகளுக்கும் அப்படியே செய்யுங்கள். லேயர் லேயராகப் போகும் கோப்பில் ஃபில்டர்களைக் கலந்துவிட்டே அனுப்புவது பிற்பாடு வரும் தொலைபேசி அழைப்புகளைத் தவிர்க்கும்.

பழைய செருகு நிரல்களைக் காணோம்

3.0-இல் செருகு நிரல்களின் அடித்தளம் மாறிவிட்டது. பைதான் 2-இல் எழுதியவை ஓடாது; பைதான் 3-க்கு மாற்றி எழுதப்பட்டவை வேண்டும். கிம்ப்பின் சொந்த நிரல் மொழியான ஸ்கிரிப்ட் ஃபூவில் எழுதிய பலவும் திருத்தம் கேட்கும், ஏனென்றால் பழைய காஸியன் பிளர் போன்றவற்றை அழைத்த கட்டளைகள் நீக்கப்பட்டு, ஃபில்டரை லேயரில் சேர்ப்பதற்கும் கலப்பதற்கும் புதிய கட்டளைகள் வந்துள்ளன. ஜிமிக் போன்ற பெரிய ஃபில்டர் தொகுப்புகளுக்கு 3.0-க்கென்றே தனி நிறுவல் கோப்பு உண்டு, 2.10-க்கான கோப்பை நிறுவிவிட்டுக் காணோம் என்று தேடுவது வீண்.

சரியான பதிப்பைக் கொண்டுவந்தும் தெரியவில்லையென்றால், அதை வைத்த இடத்தைப் பாருங்கள். 3.0-க்கான அமைப்புக் கோப்புறை 2.10-இன் கோப்புறையிலிருந்து வேறுபட்டது. ஒவ்வொரு செருகு நிரலும் தன் பெயரிலேயே ஒரு கோப்புறைக்குள் இருக்க வேண்டும். கோப்பை மட்டும் அப்படியே போட்டால் ஏற்காது. லினக்ஸில் அந்தக் கோப்புக்கு இயங்கும் அனுமதியும் வேண்டும். இத்தனையும் செய்தபின் கிம்ப்பை மூடித் திறந்து, சாய்வுக் கோட்டு விசையைத் தட்டி வரும் தேடல் பெட்டியில் அதன் பெயரை அடியுங்கள். மெனுவில் எங்கே ஒளிந்திருந்தாலும் அங்கே வந்துவிடும்.

ஃபில்டரைத் திறந்தவுடன் கிம்ப் மூடிக்கொண்டால், முதலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 3.0 வெளிவந்த அதே மாதத்திலேயே 3.0.2 வந்தது, அதன்பின்னும் திருத்தப் பதிப்புகள் தொடர்ந்தன, அவற்றில் ஃபில்டர் தொடர்பான பல பிழைகள் நீக்கப்பட்டன. முதல் பதிப்பிலேயே நின்றிருந்தால் புதுப்பித்துக்கொள்ளுங்கள். அமைப்புகளில் ஓபன்சிஎல் (கிராஃபிக்ஸ் கார்டை வைத்துக் கணக்கிடும்) வசதியை இயக்கி வைத்திருந்தால் அதை அணைத்துவிட்டு, அதே படத்தில் அதே ஃபில்டரை மறுபடி கொடுத்துப் பாருங்கள்.